ஐந்து ஒன்பது ஒன்பது

ஞாயிறு பின்னிரவு இரண்டு நாற்பதுக்கு
நகரியில் கரண்ட் போனது.
ஏகாம்பரகுப்பம் வரை அத்தனை தறியும்
ஒரே மூச்சில் நின்றன.
யாரோ தெலுங்கில் திட்டத் தொடங்கினார்,
இன்னொருவர் தமிழில் முடித்து வைத்தார்.
நான் ஹெட்போனை இறுக்கிக்கொண்டேன்.

தறி ஓடும்வரை நாற்பது மீட்டரில்
கேட்பதெல்லாம் தறிதான்.
மோட்டார் இரைச்சல் பஞ்சுத்தூசி போலப் படிந்து
அடியில் கிடப்பவர்களை மூடிவிடும்.
இப்போது யாரோ பெருக்கிவிட்டது போல
ஒவ்வொருவராகத் தெரிந்தார்கள்.
ஒரு பல்கேரியன், அவசரக்காரன்.
புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவே
தடுக்கித் தடுக்கி நடக்கும் ஒரு ஜப்பான்காரர்.
லாரி பேட்டரியில் ஓடியது என் நூறு வாட்.
திங்கள் விடியல் ஐந்தரைக்குப் போட்டி முடியும்.

படிவத்தில் நான் குறித்திருந்த வகை:
தனியாள், உதவி இல்லை.
யார் எங்கே கூவுகிறார்கள் என்று
திரையும் சொல்லக் கூடாது, ஆளும் சொல்லக் கூடாது.
குமிழைத் திருகு, கேள், கண்டுபிடி.

ஏழாயிரத்து ஒன்பதிலிருந்து
மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தேன்.
மேசைமேல் போன் வெளிச்சம் போட்டது.
பள்ளிப்பட்டிலிருந்து தணிகாசலம்:
"7012.4. தீவுக்காரன். கூட்டமில்லை. ஓடு அக்கா."

வாங்கிய எண்ணைத் திருப்பித் தர
கண்ணுக்குத் தெரியாது.

இன்னும் மூன்று கிலோஹெர்ட்ஸ் சொச்சம்.
எப்படியும் ஐந்து நிமிடத்தில் வந்திருப்பேன்.
வந்திருப்பேனா?
வழியில் பல்கேரியனிடம் மாட்டியிருந்தால்,
கரண்ட் திரும்பியிருந்தால்,
தீவுக்காரன் தூங்கப் போயிருந்தால்?

தணிகாசலத்தின் மேல் கோபமில்லை.
பன்னிரண்டு வருடம் தறிக்கூடத்தில் நின்ற காது அது.
குக்கர் விசில் அதற்குக் கேட்காது.
ஸ்கிம்மர் திரையில் ஓடும் எழுத்துதான் அவனுக்குக் காது.
அதை அவன் ஒருநாளும் மறைத்ததில்லை,
உதவி பெற்றவர் வகையில்
பேர் கொடுத்துத்தான் ஆடுகிறான்.
காது நன்றாக இருப்பதும் ஒரு கருவிதானே அக்கா
என்று ஒரு தடவை எழுதியிருந்தான்.
அதற்கு இன்னும் பதில் போடவில்லை.

பகலில் நான் கூடத்துக் கணக்கு எழுதுகிறவள்.
மீட்டர் காட்டுவதுதான் கூலி.
கால் மீட்டர் கூட்டிப் போட்டால் யாருக்குத் தெரியும்
என்று முனிரத்தினம் கேட்டபோது
எனக்குத் தெரியும் என்றேன்.
அந்த வாரம் அவர் வட்டி கட்ட வேண்டியிருந்தது
என்பதும் எனக்குத் தெரியும்.

போனேன்.
ஒரே திருகு, நேரே.
ஈரத் துணிக்குள் பொதிந்த கைக்கடிகாரம் மாதிரி
இருந்தான் அவன்.
என் எழுத்துகளை இரண்டு முறை விழுங்கினான்,
மூன்றாவதில் பிடித்துக்கொண்டான்.
ஐந்து ஒன்பது ஒன்பது என்றான்.
ஐந்து ஒன்பது ஒன்பது, இருபத்திரண்டு என்றேன்.
கணீரென்று கேட்கிறது என்று அதற்கு அர்த்தம்.
இருவருக்கும் பாதிகூடக் கேட்கவில்லை.
போட்டியில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்வது இது;
இந்தப் பொய்க்கு வகை கிடையாது.

மூன்று ஐம்பதுக்குக் கரண்ட் வந்தது.
தறிகள் வந்தன.
தீவு மூழ்கியது.

மூக்குமலை தெரியத் தொடங்கியபோது
பதிவேட்டை அனுப்ப உட்கார்ந்தேன்.
நானூற்றுப் பதினாறு வரி.
அந்த ஒன்றை அழித்துவிடலாம்.
அழித்தால் அவன் பதிவேட்டில் அது
ஆளில்லாத தொடர்பாகி அவனுக்குப் புள்ளி போகும்.
முக்கால் இரவு விழித்து
என்னைத் தேடிப் பிடித்தவன்.
வரியை விட்டுவிட்டு வகையை மாற்றினேன்.

நேர்மை என்று யாரும் சொல்ல வேண்டாம்.
அந்த மூன்று கிலோஹெர்ட்ஸை
என் கையால் தடவிப் போகாத எரிச்சல்,
பாதிக்கு மேல் அதுதான்.

தணிகாசலம் எழுத்திலேயே கத்தினான்:
"பைத்தியமா அக்கா? அங்கே இருந்தால் முதலிடம்.
இங்கே நானே உனக்கு மேலே, அறுநூறு கூட!"
தெரியும் என்று அனுப்பினேன்.

குளித்துவிட்டுக் கூடத்துக்குக் கிளம்பும்போது
அடுத்தது வந்திருந்தது:
"சரி. அப்போ இனிமேல்
எண் அனுப்பலாமா, கூடாதா?"