மெழுகுக் கட்டி

பெரியாஸ்பத்திரி நோயியல் பிரிவில்
கையெழுத்து வைத்து என்னை வாங்கினேன்.
இரண்டு முத்திரை அளவில் மெழுகு,
அதற்குள் பழுப்பாய் ஒரு துணுக்கு,
ஓரத்தில் பென்சிலால் ஐந்து இலக்கம்.
மார்கழியில் என் குடலில் வெட்டியது.

அதற்கும் கட்டி என்று பெயர்,
அதைப் புதைத்த மெழுகுக்கும் கட்டி என்று பெயர்.
தமிழ் சில இடங்களில் சிக்கனம்.

இருபத்தாறு வருஷம் மின்மானி வாசித்தவன் நான்.
கொக்குவில், தாவடி, இணுவில்,
நாய்க்குப் பயந்து, மதிலால் எட்டி
ஆர் வீட்டில் எவ்வளவு எரியுது என்று
எழுதிக்கொண்டு போனவன்.
என் வீட்டில் இரத்தம் போனபோது
மூலம் என்று ஒரு வருஷம் சொல்லித் திரிந்தேன்.

தெல்லிப்பழையில் டொக்டர் பிரபாலினி
கதிரையை இழுத்துக் கிட்ட வந்தா.
"ஈரலிலயும் இரண்டு புள்ளி இருக்கு, அண்ணை.
ஒரு ஊசி இருக்கு, விலை கூட.
ஆனா எல்லார்ர கட்டியும் அதுக்குக் கேளாது.
மரபணுவைப் பாத்தாத்தான் தெரியும்.
கொழும்புக்குப் போகவேணும்."

ஸ்கார்பரோவில் இருந்து மச்சான் கத்தினான்:
"சோதினையை விடு, ஊசியைத் தொடங்கு,
காசு நான் பாதி போடுறன்."
மற்றப் பாதிக்கு
மனோரஞ்சிதம் காணி உறுதியை எடுத்து
மேசையில் வைத்தாள்.
இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது.
அதன் பக்கத்தில் இருந்து சாப்பிட்டோம்.

வெயிலில் மெழுகு இளகும் என்று இரவு பஸ்.
சாப்பாட்டுப் பெட்டிக்குள் பஞ்சு சுற்றி
என் மடியில் நான்.
ஓமந்தையில் நெஞ்சு பழக்கத்தில் இறுகியது.
ஒரு காலம் இதைத் திறந்து
இது என்ன என்று கேட்டிருப்பார்கள்.
என்ன சொல்லியிருப்பேன்?
பஸ் நிற்கவேயில்லை.
பக்கத்துப் பெடியன் என் தோளில் நித்திரை.

இருபத்து மூன்று நாள்.

பிறகு ஒரு தாள். கே-ராஸ் என்ற இடத்தில்
டொக்டர் பேனையால் வட்டம் போட்டா.
"இதில மாற்றம் இருக்கு. அந்த ஊசி சரிவராது.
போட்டா காசு போகும், தோல் வெடிக்கும்,
கட்டி அசையாது.
மற்ற மருந்துகள் இருக்கு, திங்கள் தொடங்குவம்."

இருபத்து மூன்று நாளும் வாய்க்குள் வைத்திருந்ததை
அப்போதுதான் கேட்டேன்.
மகளுக்கு?

"இது கட்டி தானாய்த் தேடிக்கொண்ட பிழை.
பிள்ளைக்குக் குடுக்கிற பிழை வேற.
அதையும் பாத்தது,
பிழை திருத்துற நாலு புரதமும் கிடக்கு.
பயம் குறைவு. எண்டாலும் நாற்பதில
அவவும் ஒருக்காக் குடலைப் பாக்கட்டும்."
நாற்பது. அவளுக்கு இப்போது பத்தொன்பது.
விரலால் எண்ணிப் பார்த்தேன், டொக்டருக்கு முன்னாலேயே.

"அப்ப அலைஞ்சது வீண்தானே" என்றான் மச்சான்.
ஓம் என்றேன்.
பிறகு, இல்லை என்றேன்.

மனோரஞ்சிதம் உறுதியை அலமாரிக்குத் திருப்பினாள்.
மழைக்காலம், பூஞ்சணம் பிடிக்கும் என்று
பிளாஸ்டிக் உறை தேடினாள்.
ஒன்றுதான் இருந்தது.
அந்தத் தாளையும் அதற்குள்ளேயே வைத்தாள்.