மூக்குச் சக்கரம்

முஹரக்கில், சலவைக்கடைக்கு மேலே ஓர் அறை.
வியாழன் இரவுகளில் அங்கே விமானம் கட்டுகிறோம்,
எழுபத்திரண்டில் ஒரு பங்கு.
நிஜமானது ஒன்று ஓடுபாதைக்கு இறங்கும்போது
ஜன்னல் கண்ணாடி நடுங்கும்.
அப்போது யாரும் பசை தடவுவதில்லை.
அது எங்கள் விதி.

யூசிப் அல் மன்னாயி சுங்கத்துறையில் வேலை.
பகலெல்லாம் அடுத்தவர் பெட்டிகளைத் திறக்கிறவர்
இந்தப் பெட்டியைத் திறக்க மட்டும்
கை கழுவிவிட்டு வருவார்.
கீழக்கரை நைனா முகம்மது கிரேன் ஓட்டுகிறான்:
நாற்பது டன்னைத் தூக்கும் கைக்கு
குருணை அளவு ஆன்டெனா ஆடவே ஆடாது.
மட்டக்களப்புத் தயாரூபன் பல் கட்டுகிற கூடத்தில்.
தேய்ந்துபோன கொக்கிகளால்
இறக்கையின் கோடுகளைச் சுரண்டியபடி
"வாயைத் திறவுங்கோ" என்பான் பி-25இடம்.
நான் ஏசி குழாய்களுக்கு வரைபடம் போடுகிறவன்.
எதையும் எழுபத்திரண்டால் வகுத்துப் பார்க்கிற வியாதி உண்டு.
என் கட்டில் இரண்டரை சென்டிமீட்டர்.
இங்கிருந்து திருச்சி நாற்பத்தேழு கிலோமீட்டர் சொச்சம்,
சைக்கிளிலேயே போய்விடலாம்.
இந்தக் கணக்கை அவர்களிடம் சொன்னதில்லை.

வால் கனத்துப் பின்னால் சாயும் ரகம் இது.
உடலின் இரு பாதிகளையும் ஒட்டுமுன்
ஹமூர் பிடிக்கிற தூண்டில் ஈயங்களை
யூசிப் அதன் மூக்குக்குள் திணித்தார்.
எல்லாம் சரியாகத்தான் போனது,
பாகம் எண் முப்பத்துநான்கு
என் இடுக்கியிலிருந்து துள்ளும்வரை.

'டிக்' என்று ஒரு சத்தம்.
எந்தப் பக்கம் என்று நால்வரும் நாலு பக்கம் காட்டினோம்.
"ஒருத்தரும் காலை எடுக்காதீங்க."
ஏசியை அணைத்தோம், ஏன் என்று தெரியாது.
கைபேசி விளக்குகளோடு கம்பளத்தில் மண்டியிட்டோம்.
வாக்வம் கிளீனரின் வாயில் நைனாவின் காலுறையைக் கட்டி
சதுரம் சதுரமாக இழுத்தோம்.
பேரீச்சங்கொட்டை, நூறு ஃபில்ஸ் காசு ஒன்று,
யாருடையதோ நகம்.
பிறகு, சாம்பல் நிறத்தில், வலது கை இல்லாமல்,
ஒரு மனிதன்.

ரோடெல்லுடைய விமானி.
இரண்டு ரமலானுக்கு முன்னால்
இதே தரையில் விடியும்வரை தேடினான் ரோடெல்.
"ஆள் ஒன்றுக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார்"
என்று சொல்லிக்கொண்டே
காலி இருக்கைமேல் கண்ணாடியை மூடினான்.
ஒப்பந்தம் முடிந்தது. கால்கரிக்குப் போய்விட்டான்,
விமானம் அவன் மடியில்.

எங்கள் பி-25க்குள் ஏற்றிப் பார்த்தோம்.
இவன் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு,
கழுத்துக்குமேல் வெளியே நின்றான்.
படம் எடுத்து அனுப்பினோம். அங்கே என்ன நேரமோ,
உடனே பதில் வந்தது:
"அவன் கை என்னிடம் இருக்கிறது.
முதலில் அதைத்தான் விசையோடு ஒட்டினேன்."

முப்பத்துநான்கு கிடைக்கவில்லை.
ஈயக் கனத்தில் மூக்கு மேசையில் ஊன்றி
வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது எங்கள் விமானம்,
சற்றுமுன் நாங்கள் இருந்த அதே கோலத்தில்.
தயாரூபன் எதுவும் பேசவில்லை.
அடுத்த வியாழன் சட்டைப்பையிலிருந்து எடுத்தான்,
பல்செட்டுக்கு ஊற்றுகிற பிசினில் வார்த்த ஒரு சக்கரம்,
ஈறு நிறத்தில்.
கறுப்பு அடித்தோம். தரையில் படுகிற இடத்தில்
தூரிகை போகவில்லை, விட்டுவிட்டோம்.

விமானியைப் பஞ்சில் சுற்றித் தீப்பெட்டியில் வைத்தோம்.
தபால் படிவத்தை யூசிப்தான் நிரப்பினார்.
பொருள்: விமானி, ஒருவர்.
எடை: ஒரு கிராமுக்கும் கீழே.
மதிப்பு என்ற கட்டத்துக்கு வந்தபோது
கண்ணாடி நடுங்கியது. பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார்.
பிறகு நூறு ஃபில்ஸ் என்று எழுதினார்.
சுங்கக்காரருக்குத் தெரியாதா,
எதை எவ்வளவு குறைத்து எழுதுவது என்று.