தகரம் கழற்றும் காலம்

மேற்குப் பக்கம் மட்டும் இன்னும் தகரம்.
மற்ற மூன்றும் கல்லாகிவிட்டன,
வருசத்துக்கு ஒரு பக்கம் என்று.
மிச்சம் பதினெட்டுத் தகடு.
எண்ணியது நான் இல்லை, காற்று:
ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சத்தம்.

ஐப்பசியில் தொடக்கூடாது என்றார் மேசன் தேவசகாயம்.
அப்போது கழற்றினால்
கார்த்திகை முழுக்கக் கட்டிலில் குடை பிடிக்க வேணும்.
மழையில் சீமெந்து காயாது,
வயிறுதான் காயும்.

சித்திரை?
தொட்டுப் பாருங்கோ அக்கா, தோசை சுடலாம்.
ஊறணியில் ஒரு பொடியன் வெறுங்கையால் பிடித்து
உள்ளங்கை ரேகையைத் தகட்டிலேயே விட்டுவிட்டு வந்தவன்.

சரி, சோளகம் வீசும் காலம்?
அதற்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை.
மூன்று ஆணி கழன்று
ஒற்றை ஆணியில் நிற்கிற தகடு
ஆளையும் வெட்டும்,
அடுத்த வளவு முருங்கையையும் வெட்டும்.

அப்ப எப்பதான்?
தைக் கடைசி, மாசி முதல்.
வாடை களைத்துப்போய்,
வெயிலுக்கு இன்னும் பல்லு முளைக்காத
ஒரு இருபது நாள்.
அதுக்குள் கழற்றிக் கட்டிவிடலாம்.
பூச்சு?
பூச்சு அடுத்த வருசம் பார்ப்பம்.

எங்கள் வீட்டில் இன்னொரு பருவமும் உண்டு.
டொமினிக் ரொறன்ரோவிலிருந்து வருவது ஆடியில்.
அவன் பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறைதான்
எங்களுக்குக் காசு வீசும் காற்று.
அந்த மாதம் மேசன்மாரின் நாட்கூலியும்
சோளகத்தோடு சேர்ந்து எழும்பும்.
'நான் வரேக்க செய்வம் அக்கா,
நானும் ஒரு பக்கம் பிடிச்சுக் கழட்டுறன்.'
போனில் அவன் குரல் எட்டு வயதுக் குரலாக இருந்தது.
எனக்கு மறுக்க வாய் வரவில்லை.
கிளறன்ஸ்தான் பக்கத்தில் வலை பொத்தியபடி சொன்னார்:
மச்சானுக்கு ஒரு காலம்,
தகரத்துக்கு வேற காலம்.

சீட்டை முந்தி எடுத்தேன்.
கழிவு போகக் கையில் வந்தது
கல்லுக்கும் மணலுக்கும் சரி.

மாசி நாலாம் நாள்.
ஆணிகளுக்கு மண்ணெண்ணெய் பருக்கி
ஒரு இரவு ஊற விட்டிருந்தோம்.
முதல் தகட்டைக் கழற்றி
தேவசகாயம் வெயிலுக்கு உயர்த்திப் பிடித்தார்.
'என்ன அக்கா இது, அரிதட்டோ?'

ஒரு ஓட்டைக்குள் இரண்டாம் முறை ஆணி நிற்காது.
கீழ் வரிசை மல்லாகம் முகாம்.
அதற்கு மேலே அதே முகாம்,
நான் கலியாணம் கட்டித் தனிக் கொட்டில் போட்டபோது.
நடுவில் கோணலாய்ப் போவது
பருத்தித்துறையில் வாடகைக் காணி, அவசரத்தில் அடித்தது.
கடைசி வரிசை இங்கே,
மயிலிட்டியில்,
காணி திரும்பக் கிடைத்த வருசம்.
இதையெல்லாம் நான் அவருக்குச் சொல்லவில்லை.
ஓம், அரிதட்டுத்தான் என்றேன்.

அந்தப் பழைய ஓட்டைகள் வழியாகப்
பின்னேர வெயில் சல்லிக் காசாக உள்ளே விழும்.
ஒரு காசு அரிசி வாளியில் ஏறினால்
மகளுக்கு ரியூசன் முடிகிற நேரம்.
ஆனியில் அதே காசு விலகி
அம்மியடிக்குப் போய்விடும்.
நாட்காட்டி வாங்காத வருசங்களும்
எனக்குத் தவறியதில்லை.

அன்றைக்குப் பின்னேரம்
மேற்கு முழுவதும் திறந்து கிடந்தது.
வெயில் சில்லறையாக வரவில்லை,
மொத்தமாக வந்து
கட்டில், வாளி, அடுப்பு எல்லாவற்றிலும் இருந்துகொண்டது.
நான் சல்லடையில் மணல் அரித்துக்கொண்டிருந்தேன்.

'ஏனம்மா சந்திக்கு வரேல்லை?'
படலையில் எமிலியா,
புத்தகப் பை முழங்காலில் இடிக்க.
தனியாக நடந்து வந்திருக்கிறாள்.

நேரம் தெரியேல்லை பிள்ளை.
போன் இடுப்பில்தான் இருந்தது.

இரவு, மூன்று வரி கல்லுக்கு மேலே
நட்சத்திரம் தெரிந்தது.
கிளறன்ஸ் உறங்கிவிட்டார்.
டொமினிக்குக்கு ஒரு படம் அனுப்பினேன்:
நாலு தகடு உனக்கென்று வைத்திருக்கிறன்,
கோழிக்கூட்டில் அடித்து வைக்கிறன்,
வந்து கழட்டு.

பிறகு ரோச் எடுத்துக்கொண்டு வளவுக்குப் போனேன்.
முருங்கையடியில் தகடுகள் அடுக்கி
மேலே மூன்று கல்லு பாரம் வைத்திருந்தது.
சோளகத்துக்கு இன்னும் மூன்று மாதம் கிடக்கு.
என்றாலும் இன்னொரு கல்லைத் தூக்கி வைத்தேன்.