இரண்டு யூரோ

லாட்வியாவில், குல்டீகா தாண்டி ஒரு மர ஆலை.
விஸ்மாவின் கணினி
இன்னும் எக்ஸ்பியில் ஓடுகிறது.
பச்சை மேடு, நீல வானம்,
திரையின் தலையில் விரற்கடை மரத்தூள்.

"ஆதரவு நின்று வருடங்களாகிறது.
பூட்டில்லாத வீடு இது" என்றேன்.
விற்க வந்தவன் வேறென்ன சொல்வேன்.

பெட்டியின் முதுகைத் திருப்பிக் காட்டினாள்:
இணையக் கம்பி நுழையும் துளையில்
பைன் மர ஆப்பு.
"வீடுதான். வழிதான் கிடையாது."

ரம்பத்துக்கு அளவு சொல்லும் அட்டை
இந்தப் பெட்டிக்குள் மட்டுமே பொருந்துமாம்.
புதுப் பெட்டியென்றால் புது அட்டை,
புது அட்டையென்றால் புது ரம்பம்,
புது ரம்பத்துக்கு
ஆலையை விற்க வேண்டும்.

வன்தட்டு இடையில் இருமியது.
இருவருக்கும் கேட்டது.

"தினமும் காலையில் இது
2002 ஜனவரி ஒன்றில் கண் விழிக்கிறது.
பில்லில் தேதியைக் கையால் திருத்துகிறேன்.
அதற்கு ஏதாவது வைத்திருக்கிறாயா?"

பையைத் துழாவினேன்.
சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி.
இரண்டு யூரோ.

இன்றைய தேதியை
ஒற்றை விரலால் அவளே அடித்தாள்.
ரம்பம் அலறியதும்
மேசைமேல் கிடந்த என் விலைப்பட்டியலிலும்
தூள் படியத் தொடங்கியது.
எடுக்காமல் வந்துவிட்டேன்,
அந்த இருமலை நினைத்து.