நகல்: கோப்புக்கு

கடிதத்தோடு ஒரு வெங்காயமும் வந்திருந்தது,
பழுப்புத்தாளில் சுற்றி, சணல் கட்டி.
பெய்ப்சி ஏரிக்கரையிலிருந்து தெரென்தி எழுதுகிறார்:

"அம்மா, இதை நட்டால் இதுவேதான் வரும்.
விதை வேண்டாம், பூ வேண்டாம்.
முப்பது வருடமாக எங்கள் பாத்தியில் இதே வெங்காயம்தான்.
என் அவ்தேய் பனி உடைந்து ஏரிக்குள் போனான்.
மார்ச் மாதம். பத்தொன்பது வயது.
பால்பல் இருக்கிறது. கம்பளித் தொப்பியில் முடி இருக்கிறது.
எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலில்
கப்பலில் வைத்துச் செய்து தருகிறாராம் ஒரு மருத்துவர்.
எனக்குத் திருட்டுத்தனம் வேண்டாம்.
அனுமதி கொடுங்கள்."

தால்லினில் மூன்றாம் மாடி.
மூன்று மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.
இந்த மறுப்புக்கு ஒரு மாதிரிப் படிவம் உண்டு,
நான் எழுதியதுதான்.
பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும்.
"ஒருவரின் மரபணுவைக் கொண்டு
மற்றொருவரைப் பிறப்பிப்பது…"
தட்டச்சு செய்யும் இந்தக் கை,
ரேகை மட்டும் வேறாக,
துர்க்குவில் ஒருத்திக்கு இருக்கிறது.

மால்லே என்னைவிட நாற்பது நிமிடம் சின்னவள்.
என்னை உரித்து வைத்திருக்கிறாள் என்பார்கள்.
உரித்தவர்களுக்குத் தெரியும்:
சதகுப்பை வாசம் பட்டாலே எழுந்து போவாள்,
நான் ரொட்டியில் அள்ளிப் போட்டுக்கொள்வேன்.
அப்பாவின் படகை விற்ற பணத்தில் தொடங்கியது,
ஏழு வருடமாகப் பேச்சில்லை.

அவளை யாரும் எதிர்பார்க்கவில்லை.
ஒரு தொட்டில்தான் வாங்கியிருந்தார்கள்,
பெயர்கூட மறுநாள்தான் கிடைத்தது.
அதுதான் அவள் அதிர்ஷ்டம் என்று
இன்றைக்குத்தான் தோன்றுகிறது.

தெரென்தி,
உங்கள் வீட்டில் பெயர் தயாராக இருக்கிறது.
தொப்பி ஆணியில் தொங்குகிறது.
பிறப்பதற்கு முன்பே அவனுக்கு
மீன்பிடிக்கப் பிடித்தாயிற்று.
ஒவ்வொரு மார்ச்சையும் மூச்சடக்கிக் கடப்பீர்கள்.
இருபதாவது பிறந்தநாளில்
ஒப்பிட உங்களிடம் ஒன்றும் மிஞ்சியிராது.
அன்றுதான் முதன்முதலாக அவனைப் பார்த்து
யார் இது என்பீர்கள்.

படிவத்தில் இதற்கெல்லாம் இடமில்லை.

இன்னொன்றுக்கும் இடமில்லை:
அந்தக் கப்பலில் ஒரு குழந்தை பிறந்தேவிட்டால்,
பசிக்கு அழுதால்,
தாய் தந்தை என்ற கட்டங்களில்
நான் எதை நிரப்புவேன்?
தடுப்பதற்குப் பதினொரு பக்கம் எழுதினோம்.
தப்பி வந்தவனுக்கு ஒரு வரி எழுதவில்லை.

'வருந்துகிறோம்' என்றிருந்ததை
'வருந்துகிறேன்' என்று மாற்றினேன்.
ஹெய்கி திரும்பவும் திருத்திவிடுவார்.
அடியில் வழக்கம்போல,
நகல்: கோப்புக்கு.

அன்பளிப்புப் பதிவேட்டில் எழுதினேன்:
வெங்காயம், ஒன்று. மதிப்பு, தெரியவில்லை.
வெப்பக்குழாய்க்கு மேலே ஜன்னலோரம் வைத்ததில்
ஒரு வாரத்தில் பச்சையாய் முனை நீட்டியிருக்கிறது.
தூக்கிப் போடவும் மனமில்லை,
நடுவதற்கு மண்ணும் இல்லை.

இரவு துர்க்கு எண்ணை அழுத்தினேன்.
மணி நெடுநேரம் அடித்தது.
பிறகு
என் குரல் கேட்டது,
யார் என்று.