கூடம் கோணல்தான்

எங்கள் கூடம் கோணல்தான்.
பழமொழிக்காகச் சொல்லவில்லை.
அடுப்படி வாசலில் ஓர் எலுமிச்சையை வையுங்கள்,
யாரும் தொடாமலே
சோபாவைத் தாண்டி, பள்ளிக்கூடப் பையைத் தாண்டி
பால்கனிக் கதவில் போய் முட்டும்.
ஜெலுத்தோங், ஒன்பதாவது மாடி.
கொடியில் துணி இல்லாத நாளில்
பினாங்குப் பாலம் தெரியும்.

வீட்டு வசதி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார்.
ரசமட்டத்தைத் தரையில் வைத்தார்.
உள்ளிருந்த குமிழி
கோடுகளுக்கு நடுவில் நிற்காமல்
ஓரமாய் ஒதுங்கிக்கொண்டது,
அழைப்பில்லாமல் கல்யாணத்துக்கு வந்தவரைப் போல.
‘அனுமதித்த அளவுக்குள்தான்’ என்று எழுதிக்
கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.
ஆட மாட்டாதவளுக்கெல்லாம் வாய்க்குமா
அரசாங்க முத்திரையோடு ஒரு கோணல்?

பன்னிரண்டு வருடமாய்ச் சொல்லி வந்தேன்:
தரை சரியில்லை.
பாயான் லெப்பாசில் இரவு ஷிஃப்ட்.
முழங்கால்.
சலங்கையில் மணி உதிர்ந்து உதிர்ந்து
வலது காலுக்கு இருபது, இடதுக்குப் பதினாறு,
ஒன்று பூனையின் கழுத்தில்.
கீழ்வீட்டு ஊய் ஆன்ட்டி
துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பாள்.

எல்லாம் உண்மை. அதுதான் தொந்தரவு.
பொய்ச் சாக்கு என்றால்
ஒரு நாளாவது வெட்கம் வந்திருக்கும்.
உண்மைச் சாக்கு
சோறு போட்டு வளர்த்த பிள்ளை மாதிரி
வீட்டோடு தங்கிவிடுகிறது.

ஒரு ஞாயிறு, மழை.
தர்வின் ஒரு குட்டிக் காரை
அடுப்படி வாசலில் விட்டான்.
பேட்டரி தீர்ந்து மூன்று மாதம்.
கார் ஓடியது.
‘வீடே ஓட்டுதும்மா’ என்றான்,
எனக்குச் சொன்ன மாதிரிகூட இல்லை,
அடுத்த காரைத் தேடிக்கொண்டே.

அவனும் அவன் அப்பாவும் தூங்கிய பிறகு
எழுந்து நின்றேன்.
அரைமண்டி.
சுவரைப் பார்த்து நின்றால்
இடது கால் தாழ்ந்தது, இடுப்பு முறைத்தது.
கொஞ்சம் திரும்பினேன்.
இன்னும் கொஞ்சம்.
பால்கனியைப் பார்த்தபோது
இரண்டு பாதமும் சமம்.
உடம்பு மட்டும் முன்னால் போகப் பார்த்தது
பாலத்து விளக்குகளை நோக்கி.
அதை இழுத்துப் பிடிப்பதுதான் வேலை.

இத்தனை வருடம்
தவறான பக்கம் பார்த்து நின்றேன்
என்று முடித்தால் அழகாக இருக்கும்.
நான் நிற்கவே இல்லை.
உட்கார்ந்திருந்தேன்.

தை யா தை.
எட்டாவது தட்டடவில் மூச்சு வாங்கியது.
முழங்கால் தன் பெயரைச் சொல்லிக்கொண்டது.
மறுநாள் வேலைக்குப் போகுமுன், ஐந்தரைக்கு, மறுபடியும்.
அதற்கு மறுநாளும்.

நான்காம் நாள் கதவு தட்டியது.
ஊய் ஆன்ட்டி, கையில் துடைப்பம்.
மன்னிப்பை நாக்கு நுனியில் வைத்திருந்தேன்.
‘தினமும் ஐந்தரையா?’ என்றாள் மலாயில்.
‘நிச்சயமாய்ச் சொல்லு.
என் நாடகத்தை நாலரைக்கே பார்த்து முடிக்கணும்.’

என் சாக்குகளில் ஒன்று
இப்படிப் படியிறங்கிப் போனது.
முழங்கால் இன்னும் இருக்கிறது.
ஷிஃப்ட் இருக்கிறது.
பூனையைப் பிடிக்க முடியவில்லை.

இன்றும் வைக்கிறேன் எலுமிச்சையை,
அதே வாசலில்.
உருளும் சத்தம் முதுகுக்குப் பின்னால்.
பால்கனிவரை போகவில்லை.
நடுவில்
என் குதிகால்.