ஆடியும் ஆவணியும்

கோத்தகிரியில் எஸ்டேட் கார் என்றால்
டீ எஸ்டேட்காரருடைய கார்.
டானிங்டன் பக்கம் பங்கில் பையன் கேட்டான்:
"எந்த எஸ்டேட்ணா?"
கூரை சரியாமல் கடைசிவரை நீண்டு போகிற
காருக்கே அதுதான் பெயர் என்றேன்.
அவன் டேங்க் மூடியைத் தேடிக்கொண்டிருந்தான்.

பூ ஏற்றிப்போகிறவன் நான்.
கட்டபெட்டுப் பசுமைக்குடிலில் அறுத்த கார்னேஷன்
கோவையில் காலை விமானத்தைப் பிடிக்க வேண்டும்.
பிக்கப்பில் போனால் பாதிப் பூ
கழுத்தொடிந்து இறங்கும்.
அதனால் அண்ணன் பெள்ளி ஒரு ஜெர்மன் கார் வாங்கினார்.
அண்ணன் வாங்கியதால் தம்பி ஹாலனும் ஒன்று வாங்கினார்.
"எது நல்லதுன்னு நீயே ஓட்டிப் பார்த்துச் சொல்லு."
இரண்டு சாவியும் என் உள்ளங்கையில்.
என் மாதச் சம்பளம்
அதில் ஒரு டயருக்குக் காணாது.

முதலில் அண்ணனுடைய ஆடி. சாம்பல் நிறம்.
ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்.
இது அம்மியை டிக்கியில் வைத்துக்கொண்டு பறக்கும்.
பின்சீட்டை மடித்தால் நாற்பது பெட்டி,
மேலே என் மழைக்கோட்டு, டிபன் பாக்ஸ்.
அரவேணு தாண்டி, ஈரத் தாரில்
நாலு சக்கரமும் ஒரே பேச்சாக நின்றன.
குறை என்றால் மூக்குக் கனம்.
வளைவுக்குள் நுழையுமுன் ஒரு கணம் யோசிக்கிறது,
தாலுகா ஆபீஸ் எழுத்தர் மாதிரி.
யோசித்த பிறகு
கையெழுத்து பலமாக விழுகிறது.

மறுநாள் பிஎம்டபிள்யூ. நீலம்.
இதற்கு யோசனையே கிடையாது.
நான் நினைத்த வளைவில்
எனக்கு முன்னால் போய் நின்றது.
கொஞ்சம் மிதித்தால் வால் வெளியே போய்
உள்ளே வரும்,
கல்யாண வீட்டில் ஆடுகிற சித்தப்பா போல.
விழமாட்டார்.
நாற்காலிகளை நகர்த்தி வைப்பது நல்லது.
முல்லூர் இறக்கத்தில் சிரித்துவிட்டேன்,
தனியாக, வாய்விட்டு.
பின்னால் பெட்டிகள் சிரிக்கவில்லை.
லில்லிக் கட்டு ஒன்று சாய்ந்து
வெளிர்நிறக் கூரைத் துணியில்
மகரந்தத்தைத் தேய்த்திருந்தது.
துடைக்கத் துடைக்கப் பரவுகிற மஞ்சள்.

வேகத்தடையில் இரண்டுமே அடிவயிறு உரசும்.
பெட்ரோலில் இரண்டுமே குடிகாரர்கள்.
அதில் எழுத ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் மறுபடி ஆடி.
விடியுமுன் நாலரை, குஞ்சப்பனை, பனிமூட்டம்.
வளைவு திரும்பினால்
சாலையை அடைத்துக்கொண்டு காட்டெருமை.
நாலு காலிலும் வெள்ளைக் காலுறை.
மிதித்தேன்.
அறுநூறு குதிரைகள்
ஒரு மாட்டின் முன் மண்டியிட்டன.
அது ஹெட்லைட்டைப் பார்த்தது.
பக்கவாட்டில் நடந்து வந்து,
நான் இறக்கிவைத்திருந்த கண்ணாடிக்கு அருகில்
கிராம்பு வாடை கலந்த பூமணத்தை
நீளமாக இழுத்தது.
என் மூச்சு எங்கே போனது என்று தெரியாது.
பதினோரு நிமிடம்.
மூன்று நாளாக வேகத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம்
அங்கேயே செலவு.
அது தேயிலைக்குள் இறங்கிய பிறகுதான்
பின்னால் திரும்பிப் பார்த்தேன்.
ஒரு பெட்டி நகரவில்லை. ஒரு தலை ஒடியவில்லை.

சாயங்காலம் அண்ணனும் தம்பியும்
பேக்கிங் ஷெட்டில் காத்திருந்தார்கள்.
"ஆவணி முகூர்த்தத்துக்கு ஆடி" என்றேன்.
"முகூர்த்தமில்லாத ஆடிக்கு பிஎம்டபிள்யூ."
பெள்ளி தொடையில் தட்டிச் சிரித்தார்.
ஹாலன் விரல்விட்டு எண்ணினார்:
மார்கழியையும் சேர்த்தால் ரெண்டு மாசம்.
"அந்த ரெண்டு மாசமும் பூ போகாதே.
அப்ப யார் ஓட்டுறது?"

நான் நீலச் சாவியை
உடனே நீட்டவில்லை.

கூரைக் கறையைப் பற்றி அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.